நீளக் கதவு

தாமோதரன்: அந்த ஓரமா நிக்காதீங்க சார், நெழலு வுழுது. இங்க வந்து பாருங்க. இங்கேர்ந்து பாத்தாதான் வண்டியோட ஷேப்பு தெரியும்.

வேதசிரோமணி: ஷேப்பு இருக்கட்டும் தாமோதரா. நாலு கதவு வண்டியைக் குடுத்தேன். ரெண்டு கதவா மாத்திக் குடுன்னு சொன்னேன். இந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு, அந்தப் பக்கம் ரெண்டு இருக்கு. கூட்டினா எவ்வளவு?

தாமோதரன்: மூணு.

வேதசிரோமணி: கூட்டத் தெரியுது.

தாமோதரன்: டிக்கி கதவ சேத்தா நாலு சார்.

வேதசிரோமணி: கிண்டலா?

தாமோதரன்: ஐய, இல்ல சார்... எஸ்டேட் வண்டியாச்சே, பின்னால தொறக்கறதும் ஒரு கதவுதானேன்னு... மொதல்ல இந்தப் பக்கத்த தொறந்து பாருங்க. அப்பால திட்டுங்க.

வேதசிரோமணி: திறக்கறேன், திறக்கறேன்... எங்கப்பா கைப்பிடி... ஆங். அடேயப்பா!

தாமோதரன்: இன்னா சார்?

வேதசிரோமணி: இவ்ளோ நீளமா!

தாமோதரன்: முன் கதவும் பின் கதவுல பாதியும் சேந்து ஒரே கதவு. நடுவுல நின்ன தூண அறுத்து பின்னால தள்ளி வச்சிகீறேன். சும்மா வெட்டி உட்டா கூரை தொங்கிடும். அதான் அடியில இரும்பு பட்டை குடுத்து தாங்கல் வச்சேன்.

வேதசிரோமணி: தொங்காதே?

தாமோதரன்: நீங்க ஏறி நின்னு டான்ஸ் ஆடுங்க, தொங்காது. கதவுதான் கனமா பூட்ச்சு, பழைய கீலு தாங்கல. வேன் கீலு ரெண்டு புடிச்சேன். கண்ணாடி பல்லாவரம் வெள்ளிக்கெழம சந்தையில கெடச்சுது... சாத்துங்க. அடிக்காதீங்க சார்! வெரலால சும்மா தள்ளுங்க.

வேதசிரோமணி: இப்படியா?

தாமோதரன்: சத்தம் கேட்டீங்களா?

வேதசிரோமணி: டப்புனு... எவ்ளோ பதமா மூடுது! இரு, இன்னொரு தடவை.

தாமோதரன்: தொறங்க.

வேதசிரோமணி: இன்னும் ஒரே ஒரு தடவை.

தாமோதரன்: எத்தினி தபா வேணா தொறந்து மூடுங்க. உங்க வண்டி.

வேதசிரோமணி: சரி, வேலை பிரமாதம். ஒத்துக்கறேன். இந்தப் பக்கம் இவ்ளோ அழகாப் பண்ணினவன், அந்தப் பக்கத்தை ஏன் தொடவே இல்லை?

தாமோதரன்: வெல்டிங் கேஸ் தீந்துச்சு சார்.

வேதசிரோமணி: போன தடவை கரண்ட் இல்லேன்ன.

தாமோதரன்: அது போன தடவ.

வேதசிரோமணி: அதுக்கு முந்தி மழைன்ன. எங்க சிட்லபாக்கத்துல ஒரு பொட்டு விழல. உன் பொழிச்சலூர்ல மட்டும் மழையா?

தாமோதரன்: இப்பல்லாம் ஏரியா ஏரியாவா பெய்யுது சார்.

வேதசிரோமணி: தாமோதரா... இந்தப் பக்கம் திரும்பி என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு, உண்மையில...

தாமோதரன்: ப்ளேன் சார்.

வேதசிரோமணி: என்ன?

தாமோதரன்: ப்ளேனு! எறங்குது... போவட்டும்... ஒண்ணுமே கேக்கல... இப்ப சொல்லுங்க. இன்னா கேட்டீங்க?

வேதசிரோமணி: மறந்துட்டேன்.

தாமோதரன்: ஏர்போர்ட் பக்கத்துல ஷெட்டு போட்டா இதான் சார் பேஜார்.

வேதசிரோமணி: ஆங், ஞாபகம் வந்துடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுல அறுப்பின் பண்டிகை. அதுக்குள்ள ரெண்டு பக்கமும் முடிச்சாகணும்.

தாமோதரன்: அன்னிக்கிதானே பெரும்பாக்கத்து பசங்க கொயர்ல பாடப் போவுதுங்க? என் பொண்டாட்டி பொன்னி சொல்லிச்சு. இந்த வண்டிலதானே வாரா வாரம் இட்டுகினு போவீங்க. அந்தப் பக்கமும் அடச்சிட்டா பசங்க எப்டி ஏறும்?

வேதசிரோமணி: ஏற வேணாம்.

தாமோதரன்: இன்னா சார் இப்டி சொல்றீங்க!

வேதசிரோமணி: இனிமே ரெண்டு பேருக்குத்தான் வண்டி. நானும் என் வீட்டுக்காரி ரத்தினாவும். பின் சீட்டையும் கழட்டி எடுத்துடு. யாராவது கேட்டா, 'இடமில்லப்பா, இது ரெண்டு கதவு வண்டி'ன்னு சொல்லிட்டுப் போயிடலாம்.

தாமோதரன்: அதுக்கா இத்தினி வேல?

வேதசிரோமணி: ஸ்டைல்ப்பா. ஸ்டைல்! அறுபத்தெட்டு வயசுல மனுஷனுக்கு ஸ்டைல் வரக் கூடாதா? சிவப்பு பெயிண்ட் வேற சொல்லியிருக்கேன்ல?

தாமோதரன்: சொன்னீங்க. சேவல் கொண்ட கலருன்னு... சார், ஒண்ணு கேக்கட்டா? அந்த கொயர் பசங்க எந்த கதவு வழியா ஏறும்?

வேதசிரோமணி: பின் கதவுதான். வேற எது?

தாமோதரன்: டகுல் உடாதீங்க. சர்ச்சு வாசல்ல நானே பாத்துகீறேன். டிக்கிய தொறந்தா போதும், ஒண்ணு மேல ஒண்ணு உருண்டு உள்ள பூடுதுங்க. எறங்கறதும் அதே வழிதான். அதுங்களுக்கு இன்னாத்துக்கு கதவு?

வேதசிரோமணி: ...அட, ஆமா.

தாமோதரன்: யோசிக்கவே இல்லியா? பேங்க்ல மேனேஜரா இருந்தீங்களே சார்!

வேதசிரோமணி: அப்போ டிக்கியையும் வெல்டிங் வெச்சு அடைச்சிடு.

தாமோதரன்: அப்பால அது காரு இல்ல சார். பீரோ.

வேதசிரோமணி: சிரிக்காதேப்பா. நான் சீரியஸா பேசறேன்.

தாமோதரன்: நானும் சீரியஸாத்தான் சார்... டீ ஆறுது, எடுத்துக்குங்க... சார்! சார்! டம்ளரு!

வேதசிரோமணி: எங்க... அய்யோ!

தாமோதரன்: கொட்டிட்டீங்க. காலு சுட்டுச்சா?

வேதசிரோமணி: இல்ல, இல்ல. எங்கப்பா வச்ச?

தாமோதரன்: உங்க கையாண்டதான், இதோ, ஸ்டூலு மேல.

வேதசிரோமணி: ஓரத்துல வச்சா எப்படித் தெரியும்?

தாமோதரன்: ஓரத்துல வச்சா... தெரியாதா?

வேதசிரோமணி: தெரியாது தாமோதரா.

தாமோதரன்: இன்னா சார் சொல்றீங்க...

வேதசிரோமணி: நேரா பார்த்தா எல்லாம் தெரியுது. நீ இன்னைக்கு ஷேவ் பண்ணலைன்னு தெரியுது. ரெண்டு ஓரமும்தான்... யாரோ திரையை இழுத்து விட்ட மாதிரி. கண்ணுல அழுத்தமாம். மருந்து விட்டா இதுக்கு மேல போகாம நிக்கும், போனது வராதுன்னுட்டார் டாக்டர். வண்டியைத் தொடவே கூடாதாம்.

தாமோதரன்: ரத்தினா டீச்சருக்கு தெரியுமா?

வேதசிரோமணி: தெரியாது. சொட்டு மருந்து எதுக்குன்னு கேட்டா. கண் எரிச்சல்னு சொல்லி வச்சிருக்கேன்.

தாமோதரன்: எப்போலேர்ந்து சார் இப்டி?

வேதசிரோமணி: அது எப்போலேர்ந்தோ. எனக்குத் தெரிஞ்சது மேடவாக்கம் சிக்னல்ல. பின்னாடி பசங்க பாடிக்கிட்டு வர்றாங்க. நான் திருப்பறேன்... ஒரு பைக் பக்கத்துல வந்தது எனக்குத் தெரியவே இல்லை. 'தாத்தா!'ன்னு எல்லாரும் ஒண்ணாக் கத்தினாங்க. பிரேக்கை மிதிச்சேன். ஒண்ணும் ஆகல. பைக் ஓட்டினவன் திட்டிட்டுப் போயிட்டான். பசங்க மறுபடி பாட ஆரம்பிச்சுட்டாங்க. மறுநாளே உன்னை வரச் சொல்லி வண்டியை எடுத்துட்டுப் போகச் சொன்னேன்.

தாமோதரன்: நல்லதுதானே பண்ணீங்க. ஓட்டாம இருந்துட்டா போச்சு. கதவ ஏன் சார் அடைக்கிறீங்க?

வேதசிரோமணி: ஓட்டலைன்னா ஏன்னு கேப்பாங்கல்ல? 'கிழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சுடுச்சு, நல்ல வண்டியை வெட்டி ஸ்டைல் பண்றான்'னு ஊர் சிரிக்கட்டும். நல்லா சிரிக்கட்டும். 'பாவம், வண்டிக்கார தாத்தாவுக்குக் கண்ணு போயிடுச்சு'ன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லக் கூடாது. அதை என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியாது தாமோதரா.

தாமோதரன்: அப்போ டீச்சர மட்டும் ஏத்திகினு போவீங்களா? டீச்சர் உசுரு இன்னா, எளக்காரமா?

வேதசிரோமணி: சீ, அவளை ஏத்திக்கிட்டா? வண்டி எங்க வீட்டு கேட்டைத் தாண்டவே தாண்டாது. தினம் துடைப்பேன். ஏறி உக்காருவேன். கதவைத் திறந்து திறந்து மூடுவேன். அது போதும். விஷயம் தெரிஞ்சா பையன் ஜேசன் மெல்போர்ன்லேர்ந்து 'வித்துடுங்கப்பா'ம்பான். ரத்தினாவும் தலையை ஆட்டிடுவா... என்ன, அழறியா?

தாமோதரன்: வெல்டிங் கண்ணு சார். எப்பவும் இப்டித்தான் தண்ணி வரும்.

வேதசிரோமணி: சரி, சரி. நான் சொன்னது உன்னோட இருக்கட்டும். பொன்னிக்குத் தெரிஞ்சா பேப்பர்ல போட்ட மாதிரி.

தாமோதரன்: அதான் சார்... நானும் ஒண்ணு சொல்லணும். வண்டிய ரெண்டு கதவா மாத்தறது டீச்சருக்கு தெரியும்.

வேதசிரோமணி: என்னது! சர்வீஸுக்கு விட்டிருக்கேன்னு சொல்லியிருக்கேன்யா!

தாமோதரன்: நான் சொல்லல சார், சத்தியமா. என் பொண்டாட்டி வாயி உங்களுக்கு தெரியாதா? உங்க தெருவுலதானே மீனு விக்குது. சங்கராவ கிளீன் பண்ணிகினே சொல்லிகீது.

வேதசிரோமணி: மீன் கழுவுற நேரத்துக்குள்ளயா!

தாமோதரன்: பொடி மீனா இருந்தா இன்னும் நெறைய சொல்லும் சார். அப்பால டீச்சர் நேரா இங்க வந்து இன்னா சொல்லிச்சுன்னா...

வேதசிரோமணி: இங்க வந்தாளா? எப்போ? என்ன சொன்னா?

தாமோதரன்: அது வந்து... அய்யோ. அதோ டீச்சரே வந்துகினு கீது.

வேதசிரோமணி: எங்க? எந்தப் பக்கம்?

தாமோதரன்: வாசலாண்ட சார். உங்களுக்கு ஓரம்.

வேதசிரோமணி: நான் வண்டிக்குள்ள குனிஞ்சுக்கறேன்.

தாமோதரன்: பாத்துட்டாங்க.

ரத்தினபாய்: என்னங்க, கண்ணுல மருந்து விட்டுட்டுப் படுக்கப் போறேன்னீங்க. பொழிச்சலூர்லயா கட்டில் போட்டிருக்கு?

வேதசிரோமணி: வா ரத்தினா... நீ எங்க இங்க? பெண்கள் ஐக்கியத்துல உபவாச ஜெபம்னு கிளம்பினியே?

ரத்தினபாய்: முடிஞ்சுடுச்சு.

வேதசிரோமணி: பொழிச்சலூர்லயா?

ரத்தினபாய்: ஆண்டவர் எங்கேயும் இருக்கார். இதுதானா உங்க சர்வீஸ்?

வேதசிரோமணி: அது... கொஞ்சம் ஸ்டைலா இருக்கட்டுமேன்னு...

ரத்தினபாய்: நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் தள்ளுங்க, திறந்து பார்க்கறேன். ம்... ம்... அகலம் கரெக்டா வந்திருக்கே தாமோதரா.

தாமோதரன்: நீங்க சொன்ன அள... ஸோக்கா கீதுல்ல டீச்சர்?

வேதசிரோமணி: என்ன சொன்ன? என்ன அளவு?

தாமோதரன்: ப்ளேன் சார்.

வேதசிரோமணி: எந்த ப்ளேனும் வரலையே?

தாமோதரன்: வரும் சார்.

ரத்தினபாய்: அவனை மிரட்டாதீங்க. அந்தப் பக்கத்தைத் தொட வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.

வேதசிரோமணி: நீயா? அதானே பார்த்தேன், கேஸ் தீர்றதும் மழை பெய்யறதும்... ஏன் அப்படிச் சொன்ன?

ரத்தினபாய்: பசங்க நாகரிகமா ஏறி இறங்க ஒரு பக்கமாவது கதவு வேண்டாமா? எத்தனை நாளைக்கு டிக்கியில குதிக்கிறது?

வேதசிரோமணி: பசங்க இதுல வர வேண்டாம் ரத்தினா.

ரத்தினபாய்: ஞாயித்துக்கிழமை முதல் பாட்டே அவங்களுதுங்க. வண்டி ஷெட்டுக்கு வந்ததுலேர்ந்து பாதிப் பேர் பிராக்டீஸுக்கே வர்றதில்லை. விடிகாலை ஆராதனைக்குப் பெரும்பாக்கத்துலேர்ந்து எந்த பஸ்ஸைப் பிடிச்சு வருவாங்க?

வேதசிரோமணி: ஆட்டோ பேசிக்கலாம்.

ரத்தினபாய்: வீட்டுல வண்டியை வச்சுக்கிட்டா?

வேதசிரோமணி: மூணு கதவு வண்டியை ரோட்டுல எறக்கினா ஆர்.டி.ஓ.வுல விடுவாங்களா?

ரத்தினபாய்: போய்க் காட்டிக் கேட்டாச்சு. அனுமதியும் வாங்கியாச்சு.

வேதசிரோமணி: என்னைக் கேக்காமயா!

ரத்தினபாய்: நீங்க என்னைக் கேட்டா வெட்டினீங்க?

வேதசிரோமணி: தாமோதரா, நீ அந்தப் பக்கத்தை வெட்டு.

ரத்தினபாய்: தாமோதரா, வெட்டித்தான் பாரேன்.

தாமோதரன்: நான் போய் டீ வாங்கினு வரேன்.

வேதசிரோமணி: நில்லு!

ரத்தினபாய்: நில்லுடா!

தாமோதரன்: நின்னுகினேதான் கீறேன்.

வேதசிரோமணி: பசங்களை ஏத்திக்கிட்டு என்னால முடியாது ரத்தினா! சொன்னாப் புரிஞ்சுக்கோயேன்!

ரத்தினபாய்: என்ன முடியாது?

வேதசிரோமணி: அதாவது... வயசாச்சு. முதுகு வலி. அதைச் சொல்ல வந்தேன்.

ரத்தினபாய்: போதுங்க. மேடவாக்கம் சிக்னல் கதையை அன்னைக்கு சாயங்காலமே பசங்க சொல்லிட்டாங்க. அவங்க வாய் பொன்னி வாயை விடப் பெரிசு.

வேதசிரோமணி: பசங்களா!

ரத்தினபாய்: அப்புறம்தான் கவனிச்சேன். தட்டுக்குப் பக்கத்துல ஓரமா அப்பளம் வச்சா, அப்படியே கிடக்கு. கண்ணுக்கு நேரா வச்சா காணாமப் போயிடுது. நீங்க அப்பளத்தை மிச்சம் வைக்கிற ஆளா? டாக்டர்கிட்ட நானும் போய்க் கேட்டேன். எல்லாத்தையும் சொன்னார்.

வேதசிரோமணி: இத்தனை நாளா தெரிஞ்சுக்கிட்டு... ஒரு வார்த்தை கேட்கலையே?

ரத்தினபாய்: நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். சொல்லாம வண்டியைக் கொண்டாந்து வெட்டக் குடுத்துட்டீங்க. அதைப் பொன்னி சொல்லிக் கேக்கறேன். கோபமா வந்துச்சு. ராத்திரியெல்லாம் அழுகையா வந்துச்சு. என்கிட்ட சொல்றதுக்கு என்னங்க உங்களுக்கு?

வேதசிரோமணி: பயம் ரத்தினா... வேற என்ன. நீயும் என்னைப் பாவம்னு பார்ப்பியோன்னு.

ரத்தினபாய்: பாவமாவா! உங்களையா! அப்பளத்தை இந்த வயசுல அஞ்சாறு உள்ள தள்ற ஆளைப் பார்த்து யாருக்குங்க பாவமா இருக்கும்?

தாமோதரன்: அஞ்சாறா சார்?

வேதசிரோமணி: நீ சும்மா இரு... சரி ரத்தினா. தெரிஞ்சு போச்சு. அப்போ வித்துடலாம்னு சொல்லத்தான் வந்திருக்கே.

ரத்தினபாய்: யார் விக்கச் சொன்னா? ஞாயித்துக்கிழமை பசங்க இந்த வண்டியிலதான் வருவாங்க.

வேதசிரோமணி: யாரு ஓட்டுவா? டிரைவர் போட்டா எல்லாருக்கும் விஷயம் தெரிஞ்சுடும். அதுக்கு நான் வரல.

ரத்தினபாய்: டிரைவர் போடல.

வேதசிரோமணி: தாமோதரா, நீயா?

தாமோதரன்: ஞாயித்துக்கெழம வெய்யில் மூஞ்சில சுட்டாதான் சார் நான் எழுந்துப்பேன்.

வேதசிரோமணி: பொன்னியா?

தாமோதரன்: ஸ்கூட்டர் ஓட்டிகினு வந்தாலே ரோடு காலியா பூடும். இத்த குடுத்தா அவ்ளோதான்.

வேதசிரோமணி: ஜேசன் லீவுல வர்றானா?

ரத்தினபாய்: அவன் எங்க வர்றான். நீங்க முதல்ல ஏறுங்க. ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்.

வேதசிரோமணி: யாரு ஓட்டப் போறான்னு சொல்லாம ஏறுன்னா எப்படி? சரி, ஏறறேன். கதவைத் திற.

ரத்தினபாய்: இது வழியா இல்ல. அந்தப் பக்கம் போய் ஏறுங்க.

வேதசிரோமணி: அந்தப் பக்கம் உன் சீட்டு. என் பக்கம் இதுதானே? எனக்குன்னுதானே தாமோதரன் பார்த்துப் பார்த்து இவ்ளோ நீளக் கதவு வச்சிருக்கான்.

தாமோதரன்: சார்... அது வந்து...

வேதசிரோமணி: என்னப்பா முழிக்கறே?

தாமோதரன்: டீச்சரே சொல்லட்டும் சார்.

ரத்தினபாய்: உங்களுக்கு இல்லைங்க, அது எனக்கு. என் முட்டி முழுசா மடங்காது, உக்காந்து காலை உள்ள போடணும்னா அகலம் வேணும்னு நான்தான் அளவு குடுத்து வெட்டச் சொன்னேன். மடங்காட்டி என்ன, கிளட்சை மிதிக்கிறதுல ஒரு குறைச்சலும் இல்லை. உபவாச ஜெபம்னு சொல்லிட்டுத் தினம் போனது தாம்பரத்துல டிரைவிங் ஸ்கூலுக்கு. கதவை வெட்டறதுக்கு முன்னால தாமோதரன் பக்கத்துல உக்காந்து, இதே வண்டியில அனகாபுத்தூர் ஆத்தங்கரை வரைக்கும் எத்தனையோ தடவை ஓட்டிப் பழகியாச்சு. லைசென்ஸும் வந்தாச்சு. தாமோதரா, சாவியைக் குடு. நீங்க சுத்தி வந்து பெல்ட்டைப் போடுங்க. இனிமே யாராவது உங்களைப் பாவம்னு சொன்னா, அது நான் ஓட்டறதைப் பார்த்துச் சொன்னதாத்தான் இருக்கும்.